பேர் மட்டும் கையெழுத்துல இருக்கட்டும்: வாசகர் கேள்வி பதில்

கையெழுத்து மாதிரி இருக்கிற ஃபான்ட் பத்தி கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். கல்யாணப் பத்திரிகைல ஆரம்பிச்சு பாட்டி எழுதின கடிதம் வரைக்கும் வந்திருக்கு. ஒரே மாதிரி கேள்விகள சேர்த்து பதில் சொல்லியிருக்கேன்.

பொண்ணு கல்யாணப் பத்திரிகைய இங்கிலீஷ்ல அடிக்கிறோம். பிரஸ்ல காட்டின வளைவு வளைவான ஃபான்ட் அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப்போய் முழுசும் அதுலயே வேணும்ங்கிறா. ப்ரூஃப் பாத்த மாமனார் "முகூர்த்தம் எத்தன மணிக்குன்னே தெரியலையேம்மா"ன்னுட்டார். என்ன பண்றது?
*வாசகி, திருச்சி*

மாமனார் சொன்னது சரிங்க, அதுக்காக பொண்ணு ஆசையையும் விட வேண்டாம். மணமக்கள் பேர் ரெண்டையும் அந்த ஃபான்ட்ல நல்லா பெருசா போடுங்க, நாள், நேரம், மண்டபம், விலாசம், ரெண்டு வீட்டுப் பெரியவங்க பேரு எல்லாம் சாதாரண நேர் எழுத்துல இருக்கட்டும். பத்திரிகைய கையில வாங்கினதும் கண்ணு முதல்ல பேருக்குத்தான் போகும், அங்க அழகு வேணும், மத்த இடத்துல படிக்க வந்தா போதும்.

ஏன் படிக்க முடியலன்னா, இந்த வகை எழுத்து 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல எழுத்துப் பயிற்சி வாத்தியாருங்க இறகுப் பேனாவுல எழுதி, செம்புத் தகட்டுல செதுக்கி அச்சடிச்சு புள்ளைங்களுக்குப் பழக்கின எழுத்து. அதுல சார்லஸ் ஸ்னெல்னு ஒரு வாத்தியார் எழுத்த வச்சு 1965ல மேத்யூ கார்ட்டர்ங்கிற ஃபான்ட் வடிவமைப்பாளர் பண்ணினதுதான் ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட், ஆப்பிள் கம்ப்யூட்டர்ல கூடவே வரும். பேனாவ அழுத்தி கீழ இழுத்தா கோடு தடிக்கும், மேல தூக்குறப்ப முடி கணக்கா மெலிஞ்சிடும், இதுல எல்லா அழகும் அந்த தடிமன் மெலிசு வித்தியாசத்துலதான் இருக்கு. பிரச்சனையும் அங்கதான். மெரூன் கார்டுல கோல்டு ஃபாயில் அடிச்சாலோ, சொரசொரப்பு பேப்பர்ல ஸ்க்ரீன் பிரிண்டிங் போட்டாலோ மெலிசு கோடு அங்கங்க விட்டுப்போகும், கலர் பேக்ரவுண்ட் போட்டு எழுத்த வெள்ளையா விட்டா சுத்தியிருக்கிற இங்க் உள்ள வந்து கோட்ட மூடிடும்.

இன்னொண்ணு, இந்த மாதிரி ஃபான்ட்ல பெரிய எழுத்தும் மேல கீழ போற வாலும் நிறைய இடத்த எடுத்துக்கும், நடுவுல இருக்கிற a, e, o மாதிரி இங்கிலீஷ் சின்ன எழுத்துங்க பொடிசா இருக்கும். அதனால 12 பாயிண்ட்னு போட்டாலும் கண்ணுக்கு எட்டு பாயிண்ட் மாதிரிதான் படும். டிடிபி பண்ற தம்பி ஸ்க்ரீன்ல பெருசு பண்ணி காட்டும்போது எல்லாமே பிரமாதமாத்தான் இருக்கும், நீங்க அதப் பாத்து ஓகே சொல்லிடாதீங்க. அச்சாகப் போற அதே சைஸ்ல, அதே கலர் கார்டுல ஒரு பிரிண்ட் கேளுங்க, ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்துல மாமனார் கையில குடுத்து சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, அவர் தடுமாறாம வாசிச்சா அடிக்கக் குடுத்துடலாம்.

ஸ்கூல் ஆண்டு விழா சர்டிஃபிகேட்ல பசங்க பேர வளைவான கையெழுத்து ஃபான்ட்ல போட்டோம். மூணு இனிஷியல் இருக்கிற பேரெல்லாம் சிக்கல் சிக்கலா வருது, முழுசும் கேப்பிட்டல்ல போட்டா இன்னும் மோசம்.
*ஆசிரியை, மதுரை*

டீச்சர், முழு கேப்பிட்டல் மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த ஃபான்ட்டோட பெரிய எழுத்து ஒவ்வொண்ணும் வார்த்தைக்கு முன்னாடி தனியா நின்னு சுழிச்சு ஆடுறதுக்குன்னு வரைஞ்சது, அதுங்கள வரிசையா நிக்க வச்சா ஒண்ணோட வால் அடுத்ததோட தலையில ஏறிடும். நம்ம ஊர் இனிஷியல்லயும் இதேதான் நடக்குது, வெள்ளைக்காரங்க இந்த ஃபான்ட்ட பண்ணும்போது பேருக்கு முன்னாடி மூணு பெரிய எழுத்து புள்ளி வச்சு வரும்னு நினைச்சுப் பண்ணல.

இனிஷியல பேருக்குப் பின்னாடி போட்டுப் பாருங்க, பாதி சிக்கல் தீந்துடும். இல்லன்னா இனிஷியல மட்டும் அதே தடிமன்ல இருக்கிற சாதாரண சாய்வெழுத்துல போடுங்க. சில ஃபான்ட்ல சுழி இல்லாத அடக்கமான பெரிய எழுத்தும் சேத்தே குடுத்திருப்பாங்க, அது இருந்தா இன்னும் நல்லது. அப்புறம் சைஸ முடிவு பண்றப்ப லிஸ்ட்லயே நீளமான பேர எடுத்து அது கோட்டுக்குள்ள அடங்குற சைஸ எல்லாருக்கும் வைங்க. ஒரு புள்ளைக்கு பெருசாவும் இன்னொரு புள்ளைக்கு சின்னதாவும் வந்தா, வாங்கிட்டுப் போற புள்ளைங்க பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கும்ல, அது மனசுக்கு கஷ்டம்.

வீட்டுலயே கேக் பண்ணி விக்கிறேன். லோகோவுக்கு கையெழுத்து ஃபான்ட் ஆசை. நெட்ல நல்லாருக்குன்னு எடுத்தது தெருவுக்கு நாலு கடையில இருக்கு. எது எடுக்கலாம்?
*வாசகி, கோயம்புத்தூர்*

நீங்க எடுத்தது அநேகமா பசிஃபிகோவா இருக்கும்னு நினைக்கிறேன், வெர்னன் ஆடம்ஸ் பண்ணினது, 2011ல இருந்து கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசமா கிடைக்குது, குண்டா, வழவழன்னு, எந்த சைஸ்லயும் படிக்கிற மாதிரி இருக்கிறதால உலகம் முழுக்க காபி கடை, ஐஸ்கிரீம் கடை எல்லாம் அதுலதான். ஃபான்ட் மேல குத்தமே இல்ல, அருமையான ஃபான்ட், ஆனா உங்க கடைய தனியா ஞாபகம் வச்சுக்க அது உதவாது.

ஃபான்ட் பேரு வச்சுத் தேடாதீங்க, எந்த எழுதுகோலப் பாத்து அத வரைஞ்சிருக்காங்கன்னு பாருங்க. தடிமன் மாறாம ஒரே சீரா போனா ஸ்கெட்ச் பேனா வகை, அது சின்னப் பசங்க பார்ட்டி கேக், குக்கீஸ் மாதிரி விளையாட்டான பொருளுக்கு ஒத்துப்போகும். மெலிசும் தடிமனுமா வந்தா கூர் நிப் வகை, கல்யாண கேக், கிஃப்ட் பாக்ஸ்னா அது. கோட்டு முனை சொரசொரன்னு பிரிஞ்சு தெரிஞ்சா தூரிகை வகை, அதுல ஒரு வேகம், சுடச்சுட பண்ணின உணர்வு இருக்கும். தூரிகை வகையில ரொம்பப் பேர் போனது பிரஷ் ஸ்கிரிப்ட், 1942ல அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ்ங்கிற அச்செழுத்து கம்பெனிக்காக ராபர்ட் ஸ்மித் பண்ணினது, இன்னைக்கும் ஜெராக்ஸ் கடை போர்டுல பாக்கலாம். எனக்கு ரொம்பப் பிடிச்சது மிஸ்ட்ரல். 1953ல பிரான்ஸ்ல மார்செய் நகரத்து ஃபோந்தெரி ஒலிவ்ங்கிற அச்செழுத்து கம்பெனிக்காக ரோஜே எக்ஸ்கோஃபோன் தன்னோட சொந்தக் கையெழுத்த வச்சே பண்ணினார். அப்ப ஈய எழுத்துக் காலம், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி கட்டை, எந்த எழுத்துக்குப் பக்கத்துல எது வந்தாலும் ஒட்டணும், அதே சமயம் அவசரமா கிறுக்கின மாதிரியும் தெரியணும். ஒரு வரி அடிச்சு உத்துப் பாருங்க, இணைப்பு எங்க முடியுது எங்க ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிக்க முடியாது, எழுத்துங்க கோட்டுக்கு மேலயும் கீழயும் லேசா தள்ளாடிக்கிட்டே போகும். கம்ப்யூட்டரே இல்லாம இத சாதிச்சிருக்கார்னு நினைச்சா மலைப்பா இருக்கு.

ஆனா லோகோவுக்கு நான் சொல்றது வேற. பிடிச்ச ஃபான்ட்ட அடியில வச்சுக்கிட்டு, எழுதத் தெரிஞ்ச ஒருத்தர் கையால உங்க கடை பேர திரும்ப எழுதி வாங்குங்க, முதல் எழுத்த கொஞ்சம் பெருசாக்கி, கடைசி எழுத்து வால நீட்டி, அந்தப் பேருக்குன்னே ஒரு வடிவம் வரட்டும். கோகோ கோலா லோகோ எந்த ஃபான்ட்டும் கிடையாது, 1886ல அங்க கணக்கு பாத்துக்கிட்டிருந்த ஃபிராங்க் ராபின்சன் அன்னைக்கு அமெரிக்காவுல எல்லாரும் எழுதிப் பழகின ஸ்பென்சர் பாணியில எழுதிக் குடுத்தது. ஒரு பேருக்காகவே எழுதினது இத்தன வருஷம் நிக்குது. எழுதி வந்ததும் வாட்ஸ்அப் டிபி அளவுக்கு சின்னதாக்கிப் பாருங்க, ஏப்ரன்ல எம்பிராய்டரி போடுற ஐடியா இருந்தா அங்கயும் கேட்டுக்கங்க, மெலிசு கோட்ட நூலால தைக்க முடியாது.

டீ-ஷர்ட், பைக் ஸ்டிக்கர் கட்டிங் பண்றேன். கையெழுத்து ஃபான்ட்ல பேர் போட்டா எழுத்து சேர்ற இடத்துல எல்லாம் மெஷின் குறுக்க வெட்டுது அண்ணே.
*வாசகர், திருப்பூர்*

தம்பி, ஸ்க்ரீன்ல ஒட்டின மாதிரி தெரிஞ்சாலும் உள்ள ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி வடிவம், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. மெஷின் அவுட்லைன மட்டும்தான் பாக்கும், அதான் குறுக்க வெட்டுது. கோரல் டிரா சாஃப்ட்வேர்ல முதல்ல கர்வ்ஸ் ஆக்கி, பிரேக் அபார்ட் குடுத்து, எழுத்த எல்லாம் சேத்து செலக்ட் பண்ணி வெல்ட் குடுங்க, ஒரே வடிவமாயிடும். பிரேக் அபார்ட் குடுக்கும்போது o, a மாதிரி எழுத்துக்குள்ள இருக்கிற ஓட்டை அடைபட்டிருக்கான்னு பாத்து அத மட்டும் திரும்பக் கழிச்சுக்கங்க. அதுக்கு முன்னாடி எழுத்து இடைவெளி ஜீரோல இருக்கணும், கொஞ்சம் இழுத்து விட்டாலும் இணைப்பு பிஞ்சு தொங்கும். சேர்ந்து எழுதுற ஃபான்ட் எதுக்குமே இடைவெளிய கூட்டக் கூடாது, பேனர் அடிக்கிறவங்களும் இத கவனிங்க, ஊர் முழுக்க பிஞ்ச எழுத்தாத் தொங்குது.

நன்றி கார்டுக்கு கையெழுத்து ஃபான்ட் போட்டேன், ஆனா பாத்த உடனே கம்ப்யூட்டர்ல அடிச்சதுன்னு தெரிஞ்சிடுது. ஏன்?
*வாசகர், சேலம்*

ஒரே எழுத்து திரும்பத் திரும்ப அச்சு அசலா வர்றதாலதான். "அம்மா"ன்னு இங்கிலீஷ்ல அடிச்சா நடுவுல ரெண்டு எம் வருதுல்ல, ரெண்டும் நகல் எடுத்த மாதிரி நிக்கும், மனுஷன் கை அப்பிடி எழுதவே எழுதாது. நல்ல ஃபான்ட்ல ஒரு எழுத்துக்கே மூணு நாலு வடிவம் வரைஞ்சு வச்சிருப்பாங்க, பக்கத்துல என்ன எழுத்து வருதுன்னு பாத்து அதுவே மாத்திப் போட்டுக்கும். கூகுள் ஃபான்ட்ஸ்ல இருக்கிற கேவியட் அப்பிடித்தான், பாப்லோ இம்பல்லாரி பண்ணினது, ஒரே வார்த்தையில அதே எழுத்து மறுபடி வந்தா லேசா வேற மாதிரி வரும். பெரிய அளவுல பாக்கணும்னா ஸப்ஃபினோ. ஹெர்மன் ஸாஃப்ங்கிற ஜெர்மன் எழுத்துக் கலைஞர் 1944ல தன்னோட நோட்டுல எழுதி வச்ச எழுத்து, அதத் தாங்குற டெக்னாலஜி வந்து 1998லதான் ஃபான்ட்டாச்சு, அப்ப அவருக்கு வயசு 80 கிட்ட. அதுல சில எழுத்துக்கு இருக்கிற வடிவங்களப் பாத்தா எத எடுக்குறதுன்னு திண்டாடிடுவீங்க. வரிக்கு வரி நிறைய இடைவெளி விடணும், இல்லன்னா மேல் வரி வால் கீழ் வரிய குத்தும்.

இந்த வசதி நிறைய சாஃப்ட்வேர்ல ஆஃப்ல இருக்கும். வேர்டுல ஃபான்ட் செட்டிங்ல அட்வான்ஸ்டுக்குப் போய் கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ் ஆன் பண்ணுங்க. அதோட, நன்றி கார்டு கொஞ்சப் பேருக்குத்தான்னா பேனா எடுத்து எழுதிடுங்க சார், உங்க எழுத்து கோணலா இருந்தாலும் வாங்குறவங்களுக்கு அதுதான் சந்தோஷம்.

தமிழில இப்பிடிச் சேர்த்தெழுதுற ஃபொண்ட் ஏன் இல்லை? நான் பாமினியில டைப் பண்ணுறனான், அதில அழகான கையெழுத்து ஃபொண்ட் ஏதும் கிடைக்குமோ?
*வாசகர், யாழ்ப்பாணம்*

இங்கிலீஷ் மாதிரி பேனாவ எடுக்காம இழுத்துக்கிட்டே போற பழக்கம் தமிழ்ல இல்லங்க. நம்ம எழுத்து தனித்தனியா நிக்கிற எழுத்து, ஒவ்வொண்ணும் தனக்குள்ளயே சுழிச்சு முடிஞ்சிடும். அவசரமா எழுதும்போது "கா", "மா"ல துணைக்கால எழுத்தோட சேத்து இழுப்போம், "கி", "மி"ல மேல் சுழி எழுத்துல இருந்தே கிளம்பும், அவ்வளவுதான். ஆகவே தமிழ் கையெழுத்து ஃபான்ட்ல இணைப்பத் தேடக் கூடாது, சாய்வு, சுழியோட உருட்டு, கால் எவ்வளவு நீளம், கோடு எந்த இடத்துல தடிக்குதுங்கிறதுல பாக்கணும்.

உங்க நாட்டுக்காரர் தாரிக் அஸீஸ் பண்ணின கவிவாணர் இருக்கு, லேசா சாஞ்சு, பேனாவுல நிதானமா எழுதின மாதிரி இருக்கும், தமிழும் இங்கிலீஷும் ஒரே கையில எழுதின மாதிரி வரும், கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசம். வாழ்த்து மடல், கவிதைப் பக்கம், யூடியூப் தம்ப்னெயிலுக்கு நான் தைரியமா சொல்வேன். நீளமான கட்டுரைக்கு வேண்டாம். குண்டா, ஜாலியா வேணும்னா ஏக் டைப்ங்கிற ஃபான்ட் குழு பண்ணின பலூ தம்பி, அது சரியா கையெழுத்துன்னு சொல்ல முடியாது, ஆனா போஸ்டர்ல எழுதின மாதிரி ஒரு கலகலப்பு இருக்கும். அதுக்கு மேல தேர்ந்தெடுக்க நிறைய இல்லங்கிறது உண்மை, எனக்கு இதுல பெரிய ஆதங்கமே உண்டு. சினிமா டைட்டில்லயும் சுவர் விளம்பரத்துலயும் தமிழ தூரிகையில அவ்வளவு அழகா எழுதின ஆர்ட்டிஸ்டுங்க ஊருக்கு ஊர் இருந்தாங்க, அந்தக் கை எதுவும் ஃபான்ட்டா வராமலே போயிட்டிருக்கு. இப்ப இருக்கிறவங்க எழுத்தையாவது இளைஞர்கள் யாராச்சும் எடுத்துப் பண்ணணும்.

பாமினி விஷயம் வேற. அது யூனிகோட், அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் குடுக்கிற பொது முறை இல்ல, இங்கிலீஷ் எழுத்து இடத்துல தமிழ் படத்த உக்கார வச்ச பழைய முறை. கவிவாணர மாத்திப் போட்டீங்கன்னா இங்கிலீஷ் குப்பையா வந்து நிக்கும். டைப் பண்ணினத முதல்ல யூனிகோடுக்கு மாத்திக்கங்க, அதுக்கு இலவச கன்வெர்ட்டர் நிறைய இருக்கு. அப்பிடியும் பழைய ஃபோட்டோஷாப்ல "கொ", "கெ" கொம்பு இடம் மாறி வந்தா டைப் செட்டிங்ல வேர்ல்ட்-ரெடி லேஅவுட் போடுங்க, இன்டிசைன்ல வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்.

இன்ஸ்டா பயோல சிலர் பேர் கையெழுத்து ஃபான்ட்ல இருக்கு, நானும் காப்பி பேஸ்ட் பண்ணிட்டேன். இப்ப யாராலயும் என் பேர தேடிக் கண்டுபிடிக்க முடியலங்கிறாங்க. தமிழ்லயும் அப்பிடி போட முடியுமா?
*கல்லூரி மாணவி, சென்னை*

அது ஃபான்ட்டே கிடையாதும்மா. கணக்குப் பாடத்துல சமன்பாடு எழுதுறதுக்காக 2001ல யூனிகோடுல சேத்த தனி குறியீடுங்க, பாக்க சுழிச்ச இங்கிலீஷ் எழுத்து மாதிரி இருக்கும், கம்ப்யூட்டருக்கு அது உன் பேரோட எழுத்தே இல்ல. அதான் தேடினா சிக்க மாட்டேங்குது. கண் தெரியாதவங்க போன்ல ஸ்க்ரீன் ரீடர் வச்சுத்தான் படிக்கிறாங்க, அது இத ஒவ்வொரு குறியீடா நீட்டி முழக்கி வாசிக்கும், இல்லன்னா அப்பிடியே விட்டுட்டுப் போகும். பேர சாதாரணமா டைப் பண்ணிடு, அழகு வேணும்னா ஸ்டோரியிலயோ போட்டோ மேலயோ ஃபான்ட்ல எழுதிப் போடு. தமிழுக்கு அந்த மாதிரி கணக்குக் குறியீடு கிடையாது, அதனால அங்க முடியாது.

"ஃப்ரீ"ன்னு போட்டிருந்த ஃபான்ட்ட எடுத்து கஸ்டமருக்கு டிசைன் பண்ணிக் குடுத்தேன், தப்பா?
*டிசைனர், ஈரோடு*

ஃபான்ட்டோட கூட வர்ற டெக்ஸ்ட் ஃபைல திறந்து படிங்க. கையெழுத்து ஃபான்ட் நிறைய "சொந்த உபயோகத்துக்கு மட்டும்"னு இலவசமா விடுவாங்க, காசு வாங்கிப் பண்ற வேலைக்கு லைசென்ஸ் தனியா வாங்கணும். ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ்னு இருந்தா தாராளமா பிசினஸ் வேலைக்குப் போடலாம், ஃபான்ட்ட மட்டும் தனியா விக்கக் கூடாது. மேல சொன்ன கேவியட், கவிவாணர், பசிஃபிகோ மூணும் அந்த வகை. ஒரு ஃபான்ட்ட தனியாள் ஒருத்தர் மாசக்கணக்கா உக்காந்து வரைஞ்சிருப்பார், சோத்துக்கு அதுதான் அவருக்கு, அத நெனச்சு வாங்கிடுங்க.

வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்து ஃபான்ட்ல பேர் அடிச்சு சைன் மாதிரி வைக்கலாமா?
*வாசகர், தாம்பரம்*

வேண்டாங்க. அது யார் வேணாலும் அடிக்கக் கூடிய எழுத்து, நீங்கதான் போட்டீங்கன்னு நிரூபிக்க அதுல ஒண்ணும் இல்ல. 2000ஆம் வருஷத்து தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல சொல்ற டிஜிட்டல் கையெழுத்து வேற, அது சான்றிதழ் வச்சு போடுறது, எழுத்து அழகுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பேனாவுலயே போடுங்க.

பாட்டி தவறிட்டாங்க. எங்க அம்மாவுக்கு அவங்க எழுதின இன்லாண்ட் லெட்டர் ஒரு கட்டு இருக்கு. அந்தக் கையெழுத்த ஃபான்ட்டா மாத்தி அம்மாவுக்குக் குடுக்கணும்னு ஆசை. முடியுமா?
*வாசகர், கும்பகோணம்*

கண்டிப்பா முடியும், இந்தத் தடவை வந்ததுலயே எனக்குப் பிடிச்ச கேள்வி இதுதான். பொறுமை மட்டும் வேணும்.

தமிழ்ல 247 எழுத்துன்னு பயப்படாதீங்க, அத்தனையும் தேவையில்ல. உயிர் 12, ஆய்தம் 1, "க"ல இருந்து "ன" வரைக்கும் 18. "கு", "கூ" வரிசையில ஒவ்வொரு எழுத்தும் வேற வேற மாதிரி வளையும், அதனால அந்த 36ம் தனியா வேணும். "கி", "கீ" வரிசையில கொக்கிய மட்டும் தனியா எடுத்து ஒட்டலாம், ஆனா பாட்டி கையில அது எழுத்தோட சேந்தே வந்திருக்கும், அதயும் 36ஆ எடுத்தாதான் அவங்க எழுத்து மாதிரி இருக்கும். அப்புறம் துணைக்கால், ஒத்தைக்கொம்பு, ரெட்டைக்கொம்பு, "கை"க்கு முன்னாடி வர்றது, புள்ளி. மொத்தம் 108, அதுக்கு மேல ஜ, ஷ, ஸ, ஹ எழுதியிருந்தா அதுவும்.

கடிதம் 1978க்கு முன்னாடி எழுதினதுன்னா ஒரு விஷயம் கவனிங்க. அந்த வருஷம்தான் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்தாங்க, அதுக்கு முன்னாடி லை, ளை, ணை, னைக்கு துதிக்கை மாதிரி மேல சுழிச்ச வடிவமும், ணா, றா, னாவுக்கு கீழ சுழிச்ச வடிவமும் இருந்துச்சு. பழைய ஆளுங்க அதுக்கப்புறமும் அப்பிடியே எழுதிக்கிட்டிருந்தாங்க. இத "சரி பண்ணி" புது வடிவத்துக்கு மாத்திடாதீங்க, பாட்டியோட கை அதுலதான் இருக்கு. யூனிகோடுல எழுத்து ஒண்ணுதான், ல-வும் ஐ குறியும் சேந்தா எந்தப் படம் வரணும்ங்கிறத ஃபான்ட்தான் முடிவு பண்ணும், அங்க பாட்டியோட பழைய "லை"ய வச்சுடலாம்.

கடிதத்துல ங, ஞ வரிசை எழுத்து சிலது கிடைக்கவே கிடைக்காது. அவங்க எழுதின மத்த எழுத்தோட சுழியையும் காலையும் எடுத்து சேத்துத்தான் அத உருவாக்கணும், இந்த இடத்துல அம்மாவ பக்கத்துல உக்கார வச்சுக்கங்க, "எங்கம்மா இப்பிடி எழுத மாட்டாங்க"ன்னு அவங்களுக்குத்தான் தெரியும். "க", "ம", "ன" மாதிரி அடிக்கடி வர்ற எழுத்துக்கு ரெண்டு மூணு வடிவம் எடுங்க, சேலம் வாசகருக்குச் சொன்ன அதே காரணம்தான்.

வேலைக்கு ஃபான்ட்ஃபோர்ஜ்னு ஃபான்ட் பண்ற சாஃப்ட்வேர் இலவசமா கிடைக்குது, எழுத்த இங்க்ஸ்கேப்ங்கிற வரையிற சாஃப்ட்வேர்ல கோடாக்கி அதுக்குள்ள கொண்டு வரலாம். கொம்பு, கால் எல்லாம் சரியா உக்கார வைக்கிற வேலைக்கு மட்டும் தமிழ் ஃபான்ட் பண்ணத் தெரிஞ்ச ஒருத்தர் உதவி இருந்தா நல்லது. இன்லாண்ட் லெட்டர் நீலப் பேப்பர், இங்க் வேற மங்கியிருக்கும், அதனால கலர்லயே 600 டிபிஐல ஸ்கேன் பண்ணி அப்புறமா நீலத்த எடுங்க, நேரா பிளாக் அண்ட் வொயிட்ல எடுத்தா மெலிசு கோடு போயிடும். மடிப்புல கிழிஞ்சிருந்தா செலோடேப் போடாதீங்க, லேமினேட்டும் பண்ணாதீங்க. முதல்ல எல்லாக் கடிதத்தையும் ஸ்கேன் பண்ணி ரெண்டு இடத்துல வச்சுக்கங்க, எழுத்து எடுக்கிற வேலைய அந்த ஸ்கேன்லயே பண்ணிக்கலாம், கடிதத்த திரும்பத் திரும்ப பிரிக்கத் தேவையில்ல.